இரண்டு ஊரின் கரைக்காக நின்ற எங்கள் அம்மா

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. அம்மாவின் பொறுமையையும் சாந்தத்தையும் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். பொறுமை அம்மாவிடம் இருந்தது உண்மை. சாந்தத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதித் தாருங்கள், மலரின் கடைசிப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

அம்மா பிறந்தது கரடியனாற்றில். அம்மாவின் தகப்பனார் அங்கே வயல் வட்டையில் வேளாண்மை செய்த காலத்தில், காவல் வாடியிலேயே பிறந்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆனால் தாய்வீடு வாவிக்கரையில் உள்ள இந்த ஊர். எங்கள் பக்கத்தில் குடி என்னும் வம்சம் தாய்வழியில் வருவது என்பதால், கண்ணகி அம்மன் கோயிலில் எங்கள் குடிக்கு உள்ள இரண்டு உரிமைகளும் அம்மாவின் வீட்டுக்கே வந்தன. வைகாசிச் சடங்கில் அம்மனுக்குப் பொங்கும் முதற்பானையை வைப்பது குடியின் மூத்த பெண்ணான அம்மா. கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. இந்த இரண்டு உரிமைகளும் ஒன்றோடு ஒன்று முட்டிய கதையைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேருக்குத் தவறாகத் தெரியும்.

அம்மாவுக்கு ஓர் அண்ணனும் இருந்தார். கலவர காலத்தில் சந்தைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்மா நாவற்குடாவிலிருந்து வந்த அப்பாவைக் கலியாணம் செய்து, அவர் வாவியில் வலை போட, இவர் மீன் விற்று எங்களை வளர்த்தார். தம்பி பாலர் பாடசாலைக்குப் போகும் வயதில் அப்பா நெஞ்சு வலியில் போய்விட்டார். அம்மா அழுதுகொண்டு கிடக்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அழுதார், வெகுநாள் அழுதார். அழுதபடியே மீன் கூடையைத் தூக்கினார். பிறகு, அண்ணனைப் போலக் காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்களையும் காணி உறுதி இல்லாத பெண்களையும் கூட்டி மாதர் சங்கத்தை நடத்தினார். மரணச் சான்றிதழுக்கும் காணிக்கும் என்று அவர் ஏறி இறங்காத அரச கந்தோர் இந்த மாவட்டத்தில் இல்லை. அம்மா வந்துவிட்டார் என்றால் எழுதுவினைஞர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அம்மா அவர்களுடைய கதிரையில் உட்கார்ந்து காத்திருப்பார்.

எங்கள் ஊருக்கும் அடுத்த முஸ்லிம் ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அது வாவியில் விழும் இடத்தில் இரண்டு பக்கமுமாக ஒரு கரைவெளி இருக்கிறது. தோணி கட்டுவதும், வலை காயப் போடுவதும், பெண்கள் இருந்து இறால் தெரிந்தெடுப்பதும் அங்கேதான். கரை எங்களுடையது என்று நாங்கள் சொல்வோம். தங்களுடையது என்று அவர்கள் சொல்வார்கள். அது அரச காணி என்பது இரண்டு ஊருக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தக் கரையை ஒரு கம்பனி குத்தகைக்குக் கேட்டிருக்கிறது, விடுதி கட்டி வேலி போடப் போகிறது என்ற செய்தி வந்தது. எங்கள் மாதர் சங்கம் எதிர்த்து மனுக் கொடுத்தது. அவர்களுடைய பெண்கள் சங்கமும் தனியாக ஒரு மனுக் கொடுத்தது. காணி அதிகாரி இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, ரெண்டு சங்கமும் கரை தங்கட எண்டுதான் எழுதியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒண்டாச் சேந்து ஒரு கதை சொன்னா நான் அத வச்சுக் கதைக்கலாம். இல்லாட்டி அரச காணி, கேட்டவங்களுக்குப் போயிரும்."

ஒன்றாகச் சேர்வது என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்ததன் பிறகு இரண்டு ஊருக்கும் பேச்சு நின்றிருந்த காலம் அது. அவர்களுடைய கடைக்குப் போகாதே என்று எங்கள் பக்கத்தில் சொன்னார்கள். எங்கள் மீனை வாங்காதே என்று அவர்கள் பக்கத்தில் சொன்னார்கள். அதற்கு முந்தின யுத்த காலத்து இழவுகளோ இரண்டு பக்கத்திலும் ஆறாமல் கிடந்தன. கந்தோரிலிருந்து வெளியே வந்த அம்மா என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி, "வாய்க்காலுக்கு அங்கால விடு, புள்ள" என்றார்.

அவர்களுடைய சங்கத் தலைவி பரீதா ராத்தாவின், நம் வழக்கில் பரீதா அக்காவின், வீடு கரைவெளியை ஒட்டியே இருக்கிறது. அவர் படலையைத் திறந்தார், ஆனால் வழி விடவில்லை.

"நீங்க ஆரெண்டு தெரியும். என்ன விசயம்?"

"உங்களோட சிநேகிதம் பிடிக்க நான் வரல்ல. கரை போகப் போகுது. அதுக்குத்தான் வந்தன்" என்றார் அம்மா.

ராத்தா படலையை விட்டு விலகினார். "அப்ப உள்ளுக்கு வந்து இரிங்க" என்றார். பிளேன்ரீ வந்தது. அந்த நாட்களில் அவர்களுடைய கடைச் சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் உலவிய கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அம்மா தன்னுடையதைக் குடித்துவிட்டு என்னுடையதையும் வாங்கிக் குடித்தார். வரும் வழியில், "டீயில என்ன கிடந்த, தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. "சீனி. அவ்வளவு சீனி போட்டா ஆர் குடிக்கிற?" என்றார்.

இப்படித் தொடங்கிய கூட்டு நாளடைவில் இனித்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருவர் ஊருக்கு மற்றவர் வரமாட்டோம் என்றதால் கூட்டங்கள் வாய்க்கால் பாலத்தடியில் நடந்தன. இரண்டு சங்கமும் தங்கள் தங்கள் தேநீர்ப் போத்தலுடன் வந்தன. கூட்டு மனுவில் எந்தச் சங்கத்தின் பெயர் முதலில் வருவது என்பதில் ஒரு முழுக் கூட்டம் போய்விட்டது. கடைசியில் பெயர்களை இரண்டு விதமாகவும் வைத்து இரண்டு பிரதிகள் எழுதி, இரண்டையும் கந்தோரில் கொடுத்தார்கள். எதை வைத்துக்கொள்வது என்று அதிகாரி கேட்டதற்கு, "உங்களுக்கு விருப்பமானத வைங்க, ஆனா எங்களிட்டச் சொல்லாதீங்க" என்றார் ராத்தா.

மூன்று விடயங்களில் மட்டும் இருவரும் உறுதியாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டம் வைப்பதில்லை. எங்கள் சடங்கு நாட்களில் கூட்டம் வைப்பதில்லை. மற்றவரை விட்டுவிட்டு யாரும் தனியாகக் கந்தோர்ப் படி ஏறுவதில்லை. இந்த மூன்றாவது கட்டுப்பாட்டுக்காக அம்மா வாங்கிய ஏச்சுக் கொஞ்சமல்ல. எங்கள் மதிலில் கரியால் 'துரோகி' என்று எழுதினார்கள். அம்மா அதைக் கழுவ விடவில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறான், படித்த பிள்ளைதான், இருக்கட்டும் என்றார். ராத்தாவின் வீட்டு முற்றத்திலும் கல் விழுந்தது. கரையில் ஒருநாள் காலையில் எங்கள் வலைகள் அறுந்து கிடக்க, அடுத்த நாள் அவர்களுடைய வலைகளும் அறுந்து கிடந்தன. யார் அறுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அன்று இருவரும் பட்டப்பகலில் கரை நெடுகச் சேர்ந்து நடந்தார்கள். பின்னால் நான் போனேன். இரண்டு பக்கத்து இளைஞர்களும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அது எங்கள் சடங்கு நாட்களுக்குள் விழுந்தது. மாற்றிக் கேட்டும் கந்தோர் மாற்றவில்லை. சரி, இருவரும் போய்ப் பேசிவிட்டு வருவோம், பகலில் போய்ப் பகலில் திரும்புவதற்குத் தடையில்லை என்று அம்மா முடிவு செய்திருந்தார். கோயிலில் கதவு திறந்தது. அம்மா காப்புக் கட்டினார். மறுநாள் காலையில் வாய்க்காலுக்கு அங்கால் இருந்து செய்தி வந்தது. பரீதா ராத்தாவின் கணவர் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் அப்படியே சரிந்து மௌத்தாகிவிட்டார். அன்றே அடக்கம்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சடங்குக்குக் கதவு திறந்துவிட்டால், கடைசி நாளில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடியும்வரை ஊரில் யாரும் சாவு வீட்டில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் துடக்கு, அதாவது தீட்டு. அவர் காப்பை அவிழ்த்துவிட்டு, குளிர்த்தி முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். வேறு மார்க்கத்தாரின் சாவும் நமக்குத் துடக்கா என்று அன்று சிலர் கட்டாடியாரிடம் போய்க் கேட்டார்கள். பூசை செய்பவர் அவர்தானே. "இவ்வளவு காலமா இத ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்லையே" என்று பாவம் அவர் தலையைச் சொறிந்தார். வண்ணக்கர் என்ற முறையில் மாமாதான் தீர்ப்புச் சொன்னார். துடக்கு என்றால் துடக்குத்தான்.

தீர்ப்பைச் சொல்லிவிட்டு மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அக்கா, மையத்து வீட்டுக்குப் போகப் போறீங்களாம்?"

"ஓம்."

"போனா குளிர்த்தி முடியுமட்டும் உள்ளுக்கு வரேலாது. எனக்கு அக்கா எண்டு நான் பாக்கமாட்டன்."

"பாக்காத."

"முதற்பானை?"

பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த உரிமை அது. அப்பா செத்த ஆண்டைத் தவிர எந்த ஆண்டும் அம்மா அதை விட்டதில்லை. அம்மாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். அவர் குரலைத் தணித்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"நான் ஒண்டு சொல்லட்டா? அவ இனி இத்தாவில. நாலு மாசத்துக்குப் படலைக்கு வெளிய வரமாட்டா. அவங்கட பக்கத்தில கதைக்க ஆள் இல்ல. நாம மட்டும் போய்க் கதைச்சா கரை முழுக்க நமக்குத்தான். இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க?"

"நீ இப்ப சொன்னதத்தான் தம்பி அவங்களும் அங்க இருந்து நினைப்பாங்க" என்றார் அம்மா. "இண்டைக்கு நான் போகாட்டி, நாங்க தனியக் கந்தோருக்குப் போகப் போறம் எண்டு அவங்க முடிவெடுப்பாங்க. அவங்கட ஆம்பிளையள் முந்திக்கொண்டு ஓடுவாங்க. நாமளும் ஓடுவம். மறுகா கரையில வேலிதான் நிக்கும்."

அம்மா மணிக்கட்டில் கட்டியிருந்த காப்பை அவிழ்த்து அவர் கையிலேயே வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். மாமா அந்த மஞ்சள் நூலைக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் வெகுநேரம் நின்றார். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தோன்றவில்லை.

மையத்து வீட்டில் நடந்ததை அம்மா பிறகு சொன்னார். பெண்கள் இருந்த அறைக்குள் அம்மா நேரே நுழைந்தாராம். வெள்ளை உடுத்தியிருந்த ராத்தா நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு இப்ப வரேலாதே?" என்றாராம். சடங்கு நாட்களை மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர்.

"வந்திட்டன்" என்றார் அம்மா.

"அப்ப வீட்டுக்குப் போகேலாதே?"

"ஓம். கிரான்ல சொந்தக்காரர் இரிக்காங்க. அங்க போவன்."

"ஏன் அவ்வளவு தூரம்? இஞ்ச இரிங்க" என்று சொல்லிவிட்டு ராத்தா அழத் தொடங்கினாராம். அதுவரை அழாமல் இருந்தவர் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

இப்படியாக அம்மா ஊருக்குள் வர முடியாதவராகவும், ராத்தா வீட்டை விட்டு வெளியே போக முடியாதவராகவும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். நான் அம்மாவின் உடுப்புகளைப் பையில் போட்டுப் பாலத்துக் கம்பியில் மாட்டிவிட்டு வருவேன். அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து எடுத்துப் போகும். எங்கள் பக்கத்தில் ஒரே கொதிப்பு. அவர்கள் வீட்டில் தின்று குடித்துக்கொண்டு கரையை எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று கோயில் வாசலில் வைத்தே பேசினார்கள். அங்கேயும் அதே கதைதான் என்று அம்மா கைபேசியில் சொன்னார். ராத்தாவின் கணவருடைய தம்பி நாளும் பொழுதும் படலைக்கு வந்து, விசாரணைக்குத் தாங்கள் ஆண்கள் தனியாகப் போவதாகவும், உள்ளே இருக்கும் தமிழ்ப் பெண் உளவு பார்க்க வந்தவள் என்றும் சத்தம் போட்டாராம். "இந்த வீட்டில ஆர் இரிக்கிற எண்டு நான் சொல்றன். நீங்க கந்தோர்ப் பக்கம் போனா இனி என்ர படலைக்கு வரவேணாம்" என்று ராத்தா உள்ளே இருந்தே சொல்லியிருக்கிறார்.

அந்த நாட்களில்தான் இருவரும் தங்கள் வீட்டு இழவுகளைப் பேசினார்கள். அம்மா தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். ராத்தா, வயலுக்குப் போய்த் திரும்பாத தன் வாப்பாவைப் பற்றிச் சொன்னார். யார் செய்தது என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லையாம். "கேட்டா கதை வேற பக்கம் போயிரும். நாங்க விசாரணையப் பத்திக் கதைக்க வேணும்" என்றார் அம்மா. இதை எழுதும்போது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா எதையும் கீழே வைக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

வேலை என்னவென்றால், விசாரணைக்கு ஆள் சேர்ப்பது. ராத்தா இத்தாவை விட்டு வரமுடியாது. அம்மா மட்டும் போனால் தனியாகப் போனதாகிவிடும். எங்கள் சங்கப் பெண்களைச் சாட்சிக்குக் கூட்டிப் போகலாம் என்றால், ஊர் கொதித்திருந்த கொதிப்பில் சடங்கு முடியுமட்டும் ஒரு பெண்ணும் எல்லை தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, ராத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, எங்கள்ல ஒராளும் கந்தோருக்கு வரேலாம இரிக்கம். நீங்க கரைக்கு வாங்க."

"அப்பிடியெல்லாம் செய்யேலாது அம்மா. விசாரணை கந்தோர்லதான்."

"கரையப் பாக்காம கரைக்கு என்ன விசாரணை? எப்பிடியும் ஒருநாள் இடம் பாக்க வரத்தானே வேணும்? அத அண்டைக்கே வாங்க. மேசை கதிரை நாங்க போடுறம்."

கடைசியில் அதிகாரி சரி என்றார். கந்தோரை நம் கரைக்கு இழுக்கலாம் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. நாங்கள்தான் அதன் படிகளில் ஏறி இறங்கிப் பழகியிருந்தோம்.

விசாரணை நாள் காலையில் கரையில் பூவரச மரத்தின் கீழ் மேசை போட்டார்கள். அதிகாரி வந்தார். கம்பனியின் ஆட்கள் வரைபடத்துடன் வந்தார்கள். ராத்தாவின் வீட்டுக் கிடுகு வேலி அந்த மரத்துக்குக் கிட்ட இருந்ததால், வேலிக்கு உள்ளே கதிரை போட்டு ராத்தா மறைவாக உட்கார்ந்தார். அவருடைய ஊர் ஆண்கள் வேலியோரம் திரண்டு நின்றார்கள். வாய்க்காலின் இந்தப் பக்கம் எங்கள் எல்லை. அதன் விளிம்பில் கையில் காப்புடன் எங்கள் ஊர்ப் பெண்கள் நின்றோம். அம்மா இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், ஒரு ஊரிலும் சேராதவராகத் தனியே நின்றார். மெலிந்திருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கையில் காப்பு, போக முடியாது.

அதிகாரி முதலில் வேலியைப் பார்த்துக் கேட்டார். "இந்தக் கரை ஆருடையது எண்டு உங்கட சங்கம் சொல்லுது?"

வேலிக்குள் இருந்து ராத்தாவின் குரல் வந்தது. "அவங்கட தோணியும் கட்டுற, எங்கட தோணியும் கட்டுற கரை. ரெண்டு ஊருக்கும்."

அவருடைய ஆண்களிடம் சலசலப்பு எழுந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் பின்னால் வழி விடச் சொல்லி மாமா வந்தார். கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார், நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. கரை கோயில் காணி என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் போதும், அத்தனையும் முடிந்துவிடும். வேலிப் பக்கத்து ஆண்களும் அந்தச் சொல்லுக்காகவே காத்திருப்பதைப் போல நின்றார்கள். ராத்தாவின் கொழுந்தன் இரண்டடி முன்னுக்கு வந்தார்.

"நீங்க கோயில் வண்ணக்கர்தானே? நீங்க என்ன சொல்றீங்க?" என்று அதிகாரி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தோணி தூரத்தில் போனது.

"கோயிலுக்கு நான். சங்கத்துக்கு அவ" என்றார் மாமா. "அவவக் கேளுங்க."

அதிகாரி அம்மாவைக் கேட்டார். அம்மா திரும்பினார். அந்தக் குரல் உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு ஊருக்கும் எண்டுதான் ஐயா எழுத வேணும். ஒரு ஊருக்குத்தான் தரலாம் எண்டா எங்களுக்கும் வேணாம், அவங்களுக்கும் வேணாம். ஆனா வேலி போட விடமாட்டம். ரெண்டு ஊரும் இஞ்ச வந்து படுப்பம்."

வேலிக்குள் இருந்து, "ஓம், எழுதுங்க" என்றார் ராத்தா.

அதிகாரி எழுதினார். கம்பனிக்காரர் வரைபடத்தைச் சுருட்டினார். சில மாதங்களில் அந்த விண்ணப்பம் தள்ளுபடியானது. கரையில் இன்றுவரை வேலி இல்லை.

ஆனால் அந்த ஆண்டு குளிர்த்தியை அம்மா வாய்க்காலுக்கு அப்பால் நின்றுதான் கேட்டார். முதற்பானையை இன்னொருவர் வைத்தார். அடுத்த ஆண்டும் அம்மாவுக்குத் தரவில்லை, அதற்கடுத்த ஆண்டும் தரவில்லை. காப்பை ஒருமுறை அவிழ்த்தவருக்கு அது இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். கரையில் விட்டுக்கொடுத்தவர் கோயிலில் விட்டுக்கொடுக்கவில்லை. இருவருக்கும் பேச்சு நின்றது. அதன் பிறகு அம்மா அவரைத் தம்பி என்று சொல்லி நான் கேட்டதில்லை. வண்ணக்கர் என்றுதான் சொல்வார். எனக்கு மாமா மேல் கோபம் இன்னும் இருக்கிறது. திவச வீட்டில் இதை எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

இருதயம் பலவீனப்பட்டு அம்மா ஆசுபத்திரியில் கிடந்த கடைசி வாரங்களில் ராத்தா கஞ்சியுடன் வருவார். கட்டிலில் உட்கார்ந்து இருவரும் சண்டை பிடிப்பார்கள். இரண்டு சங்கங்களின் கூட்டுக் குழுவில் இளம் பெண்களைச் சேர்ப்பது பற்றி ராத்தா ஒன்று சொல்ல, அம்மா மூச்சிரைக்க மறுத்துச் சொல்ல, தாதி வந்து இருவரையும் ஏசுவார். ஒருநாள் மத்தியானம் அம்மா யன்னலைப் பார்த்துவிட்டு, "வெளிய வண்ணக்கர் நிக்கிறார் போல. வெயில்ல நிக்கவேணாம் எண்டு சொல்லு" என்றார். மாமா உள்ளே வந்தார். கோயிலைப் பற்றியும் பானையைப் பற்றியும் இருவரும் பேசவில்லை. வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டிவிட்டார்களா, வாவித் தண்ணீர் வடிந்ததா என்று அம்மா கேட்டார். வெட்டியாயிற்று என்றார் மாமா. அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரம் முடிவதற்குள் அம்மா எங்களை விட்டுப் போனார். அம்மா இல்லாத இந்த ஓராண்டு எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. வீட்டில் சத்தமே இல்லை.

கூட்டுக் குழுவில் எங்கள் பக்கத்துத் தலைமைக் கதிரை இந்த ஓராண்டும் காலியாகவே கிடந்தது. என்னைக் கேட்டார்கள். நான் ஸ்கூட்டி ஓட்டியவள், தலைமை எனக்கு வராது. பாலத்தடிக் கூட்டங்கள் குறைந்தன. இரண்டு பக்கத்திலும் பழைய பேச்சுகள் மெல்லத் தலை தூக்கின. போன மாதம் பரீதா ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே கரையை வேறொரு பெயரில் மீண்டும் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார்கள். மறுபடி விசாரணை. "நான் தனியக் கந்தோர் ஏறமாட்டன். உங்கட பக்கத்தில ஆர் வாற?" என்று கேட்டார். அங்கிருந்த சங்கப் பெண்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திவச ஏற்பாடு பேச வந்திருந்த மாமாவும் அங்கே இருந்தார்.

"நான் வாறன்" என்றார் மாமா.

மாதர் சங்கத்துக்கு ஆண் எப்படி வருவது என்று யாரோ சிரித்தார்கள். "தலைவரா வரல்ல. கதிரை தூக்க வாறன். கதைக்கிறத இந்தப் புள்ள கதைக்கட்டும்" என்று என்னைக் காட்டினார். ராத்தா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் சரி என்றார். தலைமை எனக்கு வராது என்று சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு மாமா என்னிடம் வந்தார். இந்த மலரில் யார் யாருக்கு நன்றி சொல்கிறாய் என்று கேட்டார். உங்களுக்கும்தான் மாமா என்றேன். "எனக்கு நன்றி எழுதாத. நான் பானையக் குடுக்கல்ல எண்டு எழுது. சாகுமட்டும் குடுக்கல்ல எண்டு எழுது. சனம் எல்லாம் வாசிக்கட்டும்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஆகவே அவர் சொன்னபடி எழுதிவிட்டேன்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பிரேதம் தூக்கிய இரண்டு ஊர் ஆண்களுக்கும், துடக்கு வீட்டுக்குச் சோறு சமைத்து அனுப்பிய பரீதா ராத்தாவின் தெருப் பெண்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து இன்று வந்து சேர்ந்த உங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் நன்றி சொல்லப் போவதில்லை. நாளை காலை விசாரணை, இந்த முறையும் கந்தோர் கரைக்கே வருகிறது. மேசை, கதிரைகளை மாமா முன்கூட்டியே கொண்டுபோய் மரத்தடியில் அடுக்கிவிட்டார். அதிகாரி யாருடைய கரை என்று கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும், பதிலை இப்போதே மூன்று தரம் எழுதிப் பார்த்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு யாரும் பஸ் ஏறிவிட வேண்டாம். படுக்கப் பாய் இருக்கிறது. நாளை என் பின்னால் வந்து நில்லுங்கள். உங்களுக்குரிய நன்றியை அங்கே சொல்கிறேன்.